ஏரியைப் பாருங்கள், கரையில் படுக்காதீர்கள்

மலையேற்றம்: வாசகர் கேள்வி – பதில்

மலை மேலுள்ள ஏரிக்கு நடந்துபோய், ஒரே ஓர் இரவு தங்கித் திரும்புவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: வரைபடத்தின்படி ஏரி 9 கி.மீ. தூரம், ஏற்றம் 900 மீட்டர். முதல் முறையாகப் போகிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்?

ப: ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும். 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு 3 மணி 20 நிமிடம் வரும். ஆனால் அது பழகிய கால்கள், சுமையில்லாமல், எங்கும் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். முதுகில் 10 கிலோவோடு முதல் முறை ஏறுகிறவர்கள் அதை ஒன்றரை மடங்காக்கி, இளைப்பாற ஒரு மணி நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஆக 6 மணி நேரம்.

இனி மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மலை ஏரிகள் பெரும்பாலும் மூன்று பக்கமும் முகடு சூழ்ந்த பள்ளத்தில்தான் இருக்கும். சூரியன் மறைவது 6:30 மணி என்று நாட்காட்டி சொன்னாலும், முகட்டின் நிழல் 5 மணிக்கே ஏரி மேல் விழுந்துவிடலாம். விழுந்த பத்தாவது நிமிடம் ஜாக்கெட்டைத் தேடுவீர்கள். இடம் பார்க்க, டென்ட் அடிக்க, தண்ணீர் சுத்தம் செய்ய, சமைக்க என்று 2 மணி நேர வெளிச்சம் கையில் இருக்க வேண்டும். அதனால் 3 மணிக்குள் ஏரி, 9 மணிக்குள் புறப்பாடு. பிற்பகலில் இடி மழை வழக்கமாக வரும் பருவம் என்றால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

எந்த இடத்தை எத்தனை மணிக்குள் தாண்டாவிட்டால் திரும்பிவிடுவது என்பதை வீட்டிலேயே முடிவுசெய்யுங்கள். பாதையையும் திரும்பிவரும் நேரத்தையும் கீழே இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். களைத்துப்போய் மலையில் நின்று எடுக்கிற முடிவு எப்போதும் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்றுதான் இருக்கும்.

கே: ஏரிக்கரையை ஒட்டியே தட்டையான புல்தரை இருக்கிறது. படங்களில் எல்லோரும் அங்கேதான் டென்ட் போட்டிருக்கிறார்கள். நாங்களும் போடலாமா?

ப: வேண்டாம். படம் எடுத்தவர்கள் இரவு எப்படித் தூங்கினார்கள் என்று படத்தில் தெரியாது.

குளிர்ந்த காற்று கனமானது. சூரியன் இறங்கியதும் சரிவுகள் வேகமாக ஆறுகின்றன. அவற்றைத் தொட்ட காற்று குளிர்ந்து, தண்ணீர் போலவே பள்ளம் தேடி வழிகிறது. மலையில் ஆழமான பள்ளம் எது? ஏரி. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் கரைக்கும், அதற்கு 15–20 மீட்டர் மேலே இருக்கும் மேட்டுக்கும் பல டிகிரி வித்தியாசம் வரும். ஏரியிலிருந்து எழும் ஈரமும் அந்தக் குளிரில் சிக்கி டென்ட் துணியில் பனித்துளியாக இறங்கும். அந்தப் புல்தரையும் சும்மா தட்டையாகிவிடவில்லை. மழை பெய்தால் தண்ணீர் வந்து தேங்குகிற இடம் என்பதால்தான் தட்டையாக இருக்கிறது. காட்டு விலங்குகள் தண்ணீருக்கு வரும் வழியும் அதுவே.

கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர், அதாவது வளர்ந்தவருக்குச் சுமார் 80 எட்டு, தள்ளிப் போங்கள். தள்ளினால் மட்டும் போதாது, ஏறவும் வேண்டும். ஏரியைப் பார்த்த ஒரு சிறு மேடு, முடிந்தால் கிழக்கு திறந்தது. காலை வெயில் முதலில் படும் இடத்தில் டென்ட் உலர ஒரு மணி நேரம் போதும். நிழலில் இருந்தால் ஈரத்தோடு சுருட்டி, கூடுதல் எடையாகச் சுமப்பீர்கள்.

இடம் பிடித்திருந்தால் உடனே டென்டை விரிக்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள்: காய்ந்த கிளையோ பட்டுப்போன மரமோ தலைக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு சரிவைப் பாருங்கள்: உடைந்த முகம் வெளுப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும் கற்கள் கிடந்தால், அவை அண்மையில் உருண்டு வந்தவை. கடைசியாகத் தரையில் வெறும் மேட்டை (உறக்கப்பைக்கு அடியில் போடும் விரிப்பு) போட்டுப் படுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு முதுகுக்குத் தெரியும். சாய்வு இருந்தால் தலை மேட்டுப்பக்கம்.

வாசலைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் மலைக்காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். இரவில் திரும்பி, மேலிருந்து கீழே இறங்கும். மாலை 5 மணிக்கு வீசும் காற்றைப் பார்த்து வாசலைத் திருப்பி வைத்தால், நள்ளிரவில் காற்று நேராக உள்ளே வரும். டென்டின் குறுகலான முனை மலை உச்சியைப் பார்க்கட்டும். முளைகளின் தலை டென்டை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். மண் அரையடி கூட இல்லாத பாறை நிலத்தில் முளை நிற்காது. கயிற்றை ஒரு குச்சியில் கட்டி, குச்சியின் மேல் பெரிய கல்லை வையுங்கள். காலையில் கல்லை எடுத்த இடத்தில் போட மறக்காதீர்கள்.

குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம் என்று வனத்துறை விதித்திருந்தால், மேலே சொன்ன எதுவும் அந்த விதிக்கு மேலல்ல.

கே: மழையே இல்லை. ஆனால் காலையில் டென்டின் உள்பக்கம் சொட்டச் சொட்ட ஈரம். டென்ட் ஒழுகுகிறதா?

ப: ஒழுகவில்லை. அது உங்கள் மூச்சு. உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த துணியைத் தொட்டதும் நீராகிவிடுகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் ஈரம் கூடும். ஈரமான உறக்கப்பையில் குளிரும் கூடும். மேல் துவாரங்களையும் வாசலின் மேல்பகுதியையும் நான்கு விரல் அளவு திறந்து வையுங்கள். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி விறைப்பாகக் கட்டுங்கள். பல துணிகள் நனைந்தால் தொய்யும் என்பதால் படுக்கும் முன் கயிற்றை இன்னொரு முறை இழுக்க வேண்டும். நனைந்த சட்டையை உள்ளே காயப்போடாதீர்கள். அது காயாது, டென்டைத்தான் நனைக்கும்.

கே: என் உறக்கப்பையில் ‘0 டிகிரி’ என்று போட்டிருக்கிறது. முன்னறிவிப்பும் 12 டிகிரிதான் சொன்னது. பிறகு ஏன் இரவெல்லாம் நடுங்கினேன்?

ப: மூன்று இடத்தில் கணக்கு தவறியிருக்கலாம்.

அந்த 12 டிகிரி எந்த உயரத்துக்கு? முன்னறிவிப்பு பெரும்பாலும் அடிவாரத்து ஊருக்கானது. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஊர் 1200 மீட்டரிலும் ஏரி 2700 மீட்டரிலும் இருந்தால் 12 டிகிரி 2 ஆகிவிடும். தெளிந்த வானமும் ஏரிப் பள்ளமும் சேர்ந்தால் உறைநிலைக்கும் கீழே போகும்.

அடுத்தது, பையில் அச்சிட்ட எண். ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சோதித்த பைகளில் ‘சௌகரிய’ வெப்பநிலை, ‘எல்லை’ வெப்பநிலை என்று இரண்டு எண்கள் உண்டு. எல்லை என்பது சுருண்டு படுத்து ஒருவாறு சமாளிக்கும் அளவு. பையின் பெயரிலேயே பெரிதாக வரும் எண் பல சமயம் இந்த எல்லைதான். வாங்கும்போதும் கிளம்பும்போதும் சௌகரிய எண்ணைப் பாருங்கள்; எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி கூடுதலாகத் தாங்குவதாக இருக்கட்டும்.

மூன்றாவதுதான் பலர் கோட்டை விடுவது. உறக்கப்பை எவ்வளவு நல்லதானாலும் உங்கள் எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிடும். நசுங்கிய இறகுக்குள் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் கதகதப்பும் இல்லை. கீழேயிருந்து வரும் குளிரைத் தடுப்பது மேட் மட்டுமே. அதன் ஆர்-மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் எண்) கோடை இரவுக்கு 2, உறைநிலையை ஒட்டிய இரவுக்கு 3 முதல் 4, பனித்தரைக்கு 5க்கு மேல். இந்த எண்கள் கூடும்: 2 மதிப்புள்ள ஃபோம் மேட்டின் மேல் 2.5 மதிப்புள்ள காற்று மேட்டைப் போட்டால் 4.5. காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாற்றும்.

போன உடனே உறக்கப்பையை உதறி விரித்து வையுங்கள். அமுங்கியிருந்த இறகு உப்ப அரை மணி நேரம் ஆகும். படுக்கும் முன் கொழுப்புள்ள தின்பண்டம் கொஞ்சம் சாப்பிடுங்கள். நன்றாக மூடும் புட்டியில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு இடையில் வைத்துக்கொள்ளுங்கள். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி சாக்ஸ் தனியாக, நடக்கவே பயன்படுத்தாமல், இருக்க வேண்டும். பைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடாதீர்கள், இறகு நனைந்து படிந்துவிடும். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுப்பவருக்குத் தூக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. எழுந்து போய் வந்துவிடுங்கள்.

கே: ஓர் இரவுக்கு என் பை 16 கிலோ வந்துவிட்டது. தோள் கழன்றுபோகிறது. எதைக் குறைப்பது?

ப: பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. இருவர் டென்டைப் பகிர்ந்தால் அதைவிடக் குறைவாகவே முடியும்: டென்டில் உங்கள் பங்கு 1.2 கிலோ, உறக்கப்பை 1.2, மேட் அரை கிலோ, வெறும் பை 1.5, அடுப்பு-பாத்திரம்-கேஸ் 0.6, உணவு 1, தண்ணீர் 2 லிட்டர், உடை 1.5, மற்றவை 0.8. மொத்தம் 10 கிலோ சொச்சம். இதற்கு மேல் உள்ள 6 கிலோ என்ன என்று கொட்டிப் பாருங்கள். பெரும்பாலும் மாற்று உடையாகவும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று போட்டதாகவும்தான் இருக்கும். ஓர் இரவுக்கு மாற்று ஜீன்ஸ் தேவையில்லை. மழைச்சட்டை, கதகதப்பான ஜாக்கெட், டார்ச், முதலுதவி இவற்றில் கை வைக்காதீர்கள்.

தோள் வலிக்குக் காரணம் எடை மட்டுமல்ல. பையை மாட்டும்போது எல்லா வார்களையும் தளர்த்துங்கள். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. அதை முதலில் இறுக்குங்கள். பிறகு தோள் வார், பிறகு தோளுக்கு மேலிருக்கும் சிறு வார், கடைசியில் நெஞ்சு வார். தோள் வாரை முதலில் இழுத்தால் முழு எடையும் தோளில் தொங்கும். சரியாக மாட்டினால் பெரும்பகுதி இடுப்புக்குப் போய்விடும். அடுக்குவதில் உறக்கப்பை அடியில். தண்ணீர், உணவு போன்ற கனமானவை முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே. மழைச்சட்டை எல்லாவற்றுக்கும் மேலே. கனமானது வெளிப்பக்கம் போனால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். நீங்கள் குனிந்து நடப்பீர்கள்.

பையின் மழை உறையை நம்பி உறக்கப்பையை அப்படியே வைக்காதீர்கள். தண்ணீர் முதுகுப்பக்கமாக இறங்கும். பைக்குள் ஒரு கனமான பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

கே: பருத்தி டி-ஷர்ட் போதாதா?

ப: ஏறும்போது போதும். நின்றதும் அது ஈரத்துணி ஒத்தடம். பருத்தி வியர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும், லேசில் காயாது. உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதற்கு உறைபனி தேவையில்லை. 5–10 டிகிரி, ஈரம், காற்று மூன்றும் போதும். கூட வருபவர் நடுங்கி, நா குழறி, ஜிப்பைப் போட முடியாமல் விரல் தடுமாறினால் உடனே காற்று மறைவுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த உடையோடு உறக்கப்பைக்குள் விடுங்கள். விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் நின்றும் பேச்சு தெளியவில்லை என்றால் அது தேறியதன் அடையாளம் அல்ல. நிலைமை மோசமாகிறது, உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

கே: ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

ப: கிருமி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைப்பது நிச்சயமான வழி: குமிழ் பொங்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். 0.1 மைக்ரான் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸ் நழுவிவிடும். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள ஏரி என்றால் வடிகட்டிய பின் குளோரின் டை ஆக்சைடு மாத்திரையும் போடுங்கள். மாத்திரை மட்டும் என்றால் கிரிப்டோஸ்போரிடியம் சாக 4 மணி நேரம் வரை ஆகும். தாகத்தோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, படுக்கும் முன் போட்டால் காலைக்குத் தயார்.

ஃபில்டரை ஒரு முறை பயன்படுத்திய பிறகு உறைய விடக் கூடாது. உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி மெல்லிய குழல்களைக் கிழித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியோடு. இரவில் அதை ஒரு பையில் போட்டு உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனுக்கும் உதிரி பேட்டரிக்கும் அதே இடம்தான்.

கரையோரத் தேக்கத்தில் முகக்காமல் ஏரிக்குள் விழும் ஓடையில் பிடியுங்கள். நீர்ப்பரப்பில் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல் ஆடை படர்ந்திருந்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

கே: மேலே போனால் சாப்பாடு வேகவே மாட்டேன் என்கிறது. கேஸும் காலையில் சீறாமல் அழுகிறது. ஏன்?

ப: 300 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. 3000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடாகாது. முழுத் தானியம், பயறு வகைகளைக் கீழேயே விட்டுவிட்டு, வெந்நீர் ஊற்றினால் ஊறிவிடும் உணவை எடுத்துப்போங்கள்.

கேஸ் விஷயம் வேறு. பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரையும், புரொப்பேன் மைனஸ் 42 வரையும் ஆவியாகும். பியூட்டேன் மட்டும் உள்ள குப்பி விடியற்காலையில் படுத்துவிடும். கலவைக் குப்பி வாங்குங்கள். எரியும்போது குப்பி தானாகவே குளிரும். ஆகவே வெதுவெதுப்பான நீர் அரை அங்குலம் ஊற்றிய தட்டில் அதை நிறுத்தினால் தீ நிமிரும். காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் கொதிக்க 12–15 கிராம் போதும். இருவருக்கு ஓர் இரவும் ஒரு காலையும் 4 லிட்டர் என்றால் 60 கிராம். 100 கிராம் குப்பி தாங்கும். காற்றில் வைத்தால் தாங்காது. அதற்காகக் குப்பியைச் சுற்றி முழுவதும் தகடு வைத்து மூடவும் கூடாது, சூடேறி வெடிக்கும். ஒரு பக்கம் மட்டும் மறைப்பு. மழை பெய்தாலும் மூடிய டென்டுக்குள் அடுப்பு வேண்டாம்: தீயைவிட, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு மோசம்.

கே: நடந்து வியர்த்துப் போனதும் ஏரியில் குதித்து நீந்தலாம்தானே?

ப: குதிக்காதீர்கள். மிகக் குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. அந்தத் திணறலில் தலை நீருக்குள் இருந்தால் ஒரே மடக்கில் முடிந்துவிடும். அதைத் தாண்டினாலும் கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் அளவுக்குத்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கரையருகிலேயே மூழ்குவது இதனால்தான். ஆசையென்றால் நிழல் விழும் முன், இடுப்பளவுக்குள், ஒருவர் கரையில் துண்டோடு நிற்க, மெல்ல இறங்கி ஏறுங்கள். ‘மக்கும் சோப்’ என்று எழுதியிருந்தாலும் ஏரியில் சோப் கூடாது. சன்ஸ்கிரீனையும் பூச்சி விரட்டியையும் இறங்கும் முன் துடைத்துவிடுங்கள்.

கே: காலைக்கடன்?

ப: நீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15–20 செ.மீ. ஆழக் குழி. அதைவிட ஆழமானால் மட்கவைக்கும் உயிரிகள் குறைவு, ஆழமில்லாவிட்டால் விலங்கு தோண்டும். காகிதத்தை இரட்டைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். மண்ணே இல்லாத பாறைப்பகுதி என்றால் மலத்தையும் அப்படித்தான்.

கே: உணவை டென்டுக்குள் வைத்துக்கொண்டால் பத்திரம்தானே?

ப: உணவுக்குப் பத்திரம், உங்களுக்கு அல்ல. கரடி உள்ள காட்டில் உணவு, பற்பசை, சமைத்த பாத்திரம் எல்லாம் டென்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி, மூடி பூட்டும் கெட்டி டப்பாவில். டப்பா இல்லையென்றால் தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் விலகித் தொங்க வேண்டும். கரடி இல்லாத இடத்திலும் எலி உண்டு. காலிப் பையின் ஜிப்களைத் திறந்தே வையுங்கள். மூடியிருந்தால் கடித்து வழி செய்துகொள்ளும்.

கே: ஏரி 3400 மீட்டர் உயரம். போன முறை மாலையில் தலைவலியும் குமட்டலும் வந்தன. மாத்திரை போட்டுக்கொண்டு தங்கிவிடலாமா?

ப: 2500 மீட்டருக்கு மேல், தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ அளவுக்கு மீறிய சோர்வோ சேர்ந்தால், வேறு காரணம் நிச்சயமாகும்வரை உயரத்தின் நோய் என்றே கொள்ளுங்கள். லேசாக இருந்தால் மேலே ஏறாமல் ஓய்வு. ஒரு மணி நேரத்துக்கொரு முறை பாருங்கள். கூடினால் இருட்டானாலும் இறக்கம்தான் மருந்து. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, அல்லது குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து எட்டு நடக்க முடியாத தள்ளாட்டம் இருந்தால் காத்திருக்கவே கூடாது. அடிவாரத்திலிருந்து ஒரே நாளில் ஏறிப் படுப்பதுதான் பெரும்பாலும் காரணம். அடுத்த முறை 2500 மீட்டரை ஒட்டி ஓர் இரவு தங்கிவிட்டு ஏறுங்கள்.

கே: இடி மின்னல் வந்தால் டென்டுக்குள் இருப்பது பாதுகாப்பா?

ப: இல்லை. டென்ட் துணி எதையும் தடுக்காது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. முகடு, தனிமரம், ஏரி, கரை எல்லாவற்றையும் விட்டு, ஒரே சீரான உயரமுள்ள மரக்கூட்டத்துக்குள் தாழ்வான இடத்துக்குப் போங்கள். ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது விலகி நில்லுங்கள், ஒரே மின்னல் எல்லோரையும் சாய்த்துவிடாமல் இருக்க. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

கே: காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது?

ப: வரும் முன் நிற்பதே வைத்தியம். தோல் சூடாக உறுத்தத் தொடங்கிய அந்த நிமிடமே ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, டேப் ஒட்டுங்கள். புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள்.

கே: போகும்போது கணுக்கால் அளவிருந்த ஓடை, மறுநாள் பிற்பகல் திரும்பும்போது தொடை வரை ஓடியது. மழையே இல்லையே?

ப: பனி உருகி ஓடும் ஓடை அது. பகல் வெயிலில் உருகிய நீர் பிற்பகலிலும் மாலையிலும் பெருகி வரும். இரவுக் குளிரில் உருகல் நின்று, விடியற்காலையில் வற்றியிருக்கும். திரும்பும் நாளில் ஓடையைக் கடக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப ஏரியிலிருந்து கிளம்புங்கள். கடக்கும்போது ஷூ காலில் இருக்கட்டும், இடுப்பு பெல்ட்டும் நெஞ்சு வாரும் அவிழ்ந்திருக்கட்டும். விழுந்தால் பையை உதற வேண்டும். அகலமாகவும் பல கிளைகளாகவும் ஓடும் இடம் ஆழம் குறைந்தது. குறுகலான இடம் தாண்டச் சுலபம் போலத் தெரிந்தாலும் இழுவை அங்கேதான். கம்பை மேல்நீர்ப்பக்கம் ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால், அல்லது அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டால், தாண்டாமல், நீரை விட்டுத் தள்ளி ஒரு மேட்டில் டென்டை மறுபடி அடியுங்கள். விடியற்காலையில் தாண்டிவிடலாம். அந்தக் கூடுதல் இரவுக்கென ஒரு வேளை உணவு பையில் இருக்க வேண்டும். மேலே சொன்ன ஒரு கிலோவில் அதுவும் அடக்கம்.